ஸ்பாஞ்சு மரங்கள்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஒரு பொய்யை அடுப்பில் ஏற்றி, தட்டுப் போட்டு மூடிவிட்டு வந்தோம். இந்த வாரம் அது பொங்குகிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

நகராட்சி அலுவலகத்தில் கட்டடங்களுக்கு அட்டையில் மாதிரி செய்யும் வேலை நம் கடுகுக்கு. வீட்டில் வைத்த பெயர் அது. பிறந்தபோது அவனும் சிறிசு, வளர்ந்த பிறகு அவன் செய்கிற சாமானும் சிறிசு. அலுவலகத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டான்.

அதே அலுவலகத்தில், வரைபடப் பிரிவில், பென்சில். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் அந்தப் பெயர். அவளுக்கு இவனைப் பிடிக்கும். இவனுக்கு அவளை, அவள் அறிந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். "உங்க வீடு எங்க?" என்று ஒரு நாள் அவள் கேட்டாள். "குளக்கரைப் பக்கம்" என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்தான்.

குளக்கரையில் இருப்பது மாடி வீடுகளும் நடைபாதையும். கடுகின் வீடு இருப்பது பள்ளத்தில்.

பள்ளம் என்றால் பெயரும் அதுதான், நிலைமையும் அதுதான். ரயில் மேட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைச் சந்து. ஊரில் எந்த மூலையில் மழை பெய்தாலும் தண்ணீர் கடைசியில் வந்து படுத்துக்கொள்வது அங்கேதான். கடுகின் அம்மாவுக்கு வேலை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சலவைக்கூடத்தில். ரோட்டு வழியாகப் போனால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால் பள்ளத்துக்காரர்கள் எல்லாரையும் போல அவளும் மேட்டில் ஏறி, இரண்டு பக்கமும் பார்த்து, தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவாள். அங்கே தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதை இந்தக் கதையில் முன்பே பார்த்தோம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. அந்த இடத்தில் ஒரு நடைபாலம் வர வேண்டும்.

இனி இன்றைய கதை.

நகர மண்டபத்தின் நடுவில், இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்கு, ஊர் படுத்திருந்தது.

கடுகு செய்த ஊர். பெருநகரத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ஊரில் உள்ளது எல்லாம் அதில் இருந்தது. ரயில் நிலையம், அதன் முன்னால் சைக்கிள் நிறுத்துமிடம், ரொட்டித் தொழிற்சாலையின் புகைபோக்கி, பஸ் பணிமனை, மூடிக்கிடக்கும் நீச்சல்குளம், பள்ளிக்கூடத்தின் ஓட்டை வேலிகூட. காலை ரயில் வந்து பாதி ஊரை உறிஞ்சிக்கொண்டு போகும். மாலை ரயில் அதைத் திருப்பித் துப்பும். நடுவில் ஊரில் மிஞ்சுவது பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், நாய்கள். அப்புறம், அந்த ஊரைத் துவைத்து, கூட்டி, பழுது பார்த்து, சாயங்காலம் திரும்பி வருகிறவர்களுக்காகத் தயாராக வைத்திருப்பவர்கள்.

சுவரில் வரைபடம். அது பென்சில் போட்டது. வாசலில் ஒரு மேசை. அங்கே ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் குண்டூசியில் ஒட்டிய சின்னச் சிவப்புக் கொடி ஒன்று கொடுத்தார்கள். நடைபாலம் எங்கே வேண்டுமோ, மாதிரியில் அந்த இடத்தில் கொடியைக் குத்திவிட்டுப் போகலாம். இன்றும் நாளையும் குத்தலாம். எங்கே கொடி அதிகமோ அங்கே பாலம் என்று நகர அமைப்பு அதிகாரி மேடம் மேடையிலேயே சொல்லிவிட்டார்.

குளத்தை ஒட்டிய தண்டவாளத்தில் காலையிலேயே கொடிகள் அறுவடைக்கு நிற்கிற பயிர் மாதிரி நின்றன. நடைப்பயிற்சிக்குச் சௌகரியமாக இருக்குமாம்.

பள்ளத்துப் பக்கம் ஒரு கொடி இல்லை. இருக்காது. மாதிரியில் பள்ளமே இல்லை. அந்த இடத்தில் அடர்த்தியாக, பச்சைப்பசேலென்று, ஒரு தோப்பு நின்றது. தோப்புக்கு யார் பாலம் கேட்பார்கள்?

அந்தத் தோப்பு முளைத்த கதையையும் சொல்லிவிட வேண்டும்.

கடுகு ஊரைச் செய்ய உட்கார்ந்தபோது முதன்முதலில் செய்த வீடு எது தெரியுமா? ரயில் நிலையம் அல்ல, நகர மண்டபம் அல்ல. அவன் வீடுதான். கட்டைவிரல் நகத்தளவு. நீலக் கதவு, சாய்ந்த தகரக் கூரை, கூரை பறக்காமல் இருக்க பஞ்சர் கடை டயர் மாமா மேலே தூக்கிப் போட்ட பழைய டயர்கூட இருந்தது. அடுத்தடுத்துப் பள்ளத்து வீடுகள் எல்லாம் செய்தான். வரிசையாக அடுக்கினான். ஒட்டுவதற்குப் பசையும் தடவிவிட்டான்.

அப்போது பார்த்துப் பென்சில் உள்ளே வந்தாள்.

"இந்த மூலையில யார் இருக்காங்க?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

யாராவது இருக்கிறார்கள் என்று சொன்னால், "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி வரும். அவன் வீடுகளின் மேல் துணியை இழுத்துப் போட்டான்.

"யாருமில்ல. வெறும் மரம்."

"வரைபடத்துல ஏதோ சந்து மாதிரி இருக்கே?"

"அது பழைய வரைபடம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற மரம் வேண்டுமே! மாதிரி செய்கிறவர்கள் ஸ்பாஞ்சைப் பிய்த்து, பச்சைச் சாயத்தில் முக்கி, கம்பியில் குத்தி மரம் ஆக்குவார்கள். அலுவலகத்தில் ஸ்பாஞ்சு தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் கேட்டான்.

"எத்தனை மரம்டா கடுகு?" என்றாள் அம்மா. கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. பள்ளத்தில் வீடு வீடாகப் போய், பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த ஸ்பாஞ்சுகளை எல்லாம் வாங்கி, சலவைக்கூடத்துக் கொதிநீரில் அலசி, காயப்போட்டு, பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்க ஸ்பாஞ்செல்லாம் நகர மண்டபத்துக்குப் போகுது" என்று சந்து முழுக்கப் பெருமை.

அந்தப் பெருமையைத்தான் அவன், வீடுகளை எடுத்துவிட்டு, அவர்கள் இடத்தில் நட்டுவைத்தான்.

மாதிரியின் திறப்பு விழாவுக்கு வர வேண்டாம் என்று அம்மாவிடம் காலையில் சொல்லியிருந்தான். "இன்னிக்கு ஒரே கூட்டமா இருக்கும்மா. இன்னொரு நாள் நானே கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டம்னா எனக்கென்ன பயமா? துணி மூட்டைக்கு நடுவுலயே நிக்கிறவ நான்."

"கால் வலிக்கும்மா."

"சரிடா, சரி" என்று சொல்லிவிட்டாள். சரி என்று அம்மா சொன்னால் அது சம்மதம் என்று நினைப்பது பிள்ளைகள் செய்யும் பழைய தப்பு.

மதியத்துக்கு மேல், பென்சில் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். பள்ளித் தலைமையாசிரியை. வகுப்பில் கடைசி வரிசைப் பையன் என்ன செய்கிறான் என்று முன்னால் நின்றே தெரிந்துகொள்ளும் கண்கள்.

"அம்மா, நான் சொன்னேன்ல, இவர்தான் செஞ்சது."

"கை ரொம்பச் சுத்தம்" என்றார் தலைமையாசிரியை, மாதிரியைச் சுற்றி நடந்தபடி. "எங்க ஸ்கூல் வேலி ஓட்டையைக்கூட விடலையே! அதை மட்டும் அடைச்சுக் குடுத்திருக்கலாம் நீங்க."

பென்சில் சிரித்தாள். கடுகும் சிரித்தான். கையிலிருந்த நீளக் குச்சியால் ரயில் நிலையத்தைக் காட்டினான், ரொட்டித் தொழிற்சாலையைக் காட்டினான். நாக்கு நன்றாகத்தான் ஓடியது.

"அதெல்லாம் இருக்கட்டும். உங்க வீட்டைக் காட்டுங்க. குளக்கரைன்னு இவ சொன்னா."

குச்சி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு குளத்தின் மேலே போய், ஏதோ ஒரு மாடி வீட்டின்மேல் இறங்கியது.

"இதுங்க."

"எந்த மாடி?"

"கீழ்தான். நீலக் கதவு."

கதவு மட்டும் ஏன் நிஜமாக வந்தது என்று அவனுக்கே தெரியாது. முழுப் பொய் சொல்லவும் ஒரு துணிச்சல் வேண்டும். அதுவும் அவனிடம் இல்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லச் செருமினார்கள். அந்தச் செருமலை அவன் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறான்.

திரும்பினான்.

அம்மா. சலவைக்கூடத்தில் அரை நாள் லீவு கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி உடுத்தி, முழங்கால் வலிக்கு அப்பாவின் தோளைப் பிடித்தபடி நின்றாள். அப்பா பஸ் பணிமனையிலிருந்து நேராக வந்திருந்தார். நகத்தில் கிரீஸ் கறுப்பு அப்படியே இருந்தது. அவர்களுக்குப் பின்னால் டயர் மாமா, அவருக்குப் பின்னால் பள்ளத்துச் சனம் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்புக் கொடி.

எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள்? அதைக் கேட்கவே வேண்டியதில்லை. அம்மாவின் கண் குளக்கரை வீட்டின் மேலேயே இருந்தது.

டயர் மாமா மட்டும் ஒன்றும் காதில் வாங்காமல் மாதிரியின் மறுபக்கம் போய்க் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். பள்ளத்து முனையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். தன் கடையைப் பார்க்க வேண்டுமென்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை அவருக்கு.

"இது ரயில் மேடு. இது தண்டவாளம். இப்படியே இறங்குனா..." விரலாலேயே நடந்து வந்தவர் தோப்பில் முட்டிக்கொண்டு நின்றார். "என்னப்பா இது, நம்ம பள்ளத்தை ஆடு மேஞ்சிடுச்சா?"

"ஆடு மேஞ்சா மரம் எப்படிண்ணே இருக்கும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்ப நம்ம மேல மரம் முளைச்சிடுச்சு. நாமெல்லாம் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு போல. யாரும் சொல்லவே இல்ல பாரு!"

பள்ளத்து ஆட்கள் சிரித்தார்கள். ஏதோ சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் நகர்ந்து பார்த்தால் தெரியும் என்ற நம்பிக்கையில் சிரித்த சிரிப்பு. அப்பாவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மாதிரியின் விளிம்புக்குக் கீழே, தரையில்கூட ஒரு தடவை பார்த்தார். வீடு நழுவிக் கீழே விழுந்திருக்குமோ என்று.

கடுகுக்குக் காது மடல் எரிந்தது. தரை பிளந்து விழுங்கினால் தேவலை போலிருந்தது. ஆனால் நகர மண்டபத்துத் தரை நல்ல கல், அசைவதாகத் தெரியவில்லை.

அம்மா தோப்பின் அருகே போனாள். ஒரு மரத்தை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து அழுத்தினாள். மரம் அமுங்கி, மெல்ல எழுந்தது.

அந்த அழுத்தத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது அவன் கண்ணுக்கும் தெரிந்தது.

டயர் மாமா நிமிர்ந்தார். "டேய் கடு..." என்று ஆரம்பித்தார்.

அம்மா அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"சார்" என்றாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று கடுகு பார்த்தான். அவனைத்தான்.

"சார், ஒரு சந்தேகம். தொந்தரவு பண்றேன்னு நினைச்சுக்காதீங்க."

மண்டபத்தில் அத்தனை சத்தத்திலும் அந்த 'நினைச்சுக்காதீங்க' மட்டும் தனியாக வந்து அவன் மேல் இறங்கியது. காய்ச்சலில் கிடந்தபோதும், பள்ளிக்கூடத்தில் திருடினான் என்று வீண்பழி வந்தபோதும், முதல் வேலை கிடைத்த அன்றும் அம்மாவுக்கு அவன் 'டேய்'தான். கோபம் வந்தால் 'டேய்', கொஞ்சல் வந்தாலும் 'டேய்'. மரியாதை கொடுத்து அவள் பேசி அவன் கேட்டதே இல்லை.

"கேளுங்க" என்றான். குரல் யாருடையதோ மாதிரி வந்தது.

"இது என்ன மரம் சார்?"

"பொதுவா... மரம்தாங்க. இன்ன மரம்னு இல்ல."

"நல்ல மரம். பாத்திரம்கூடத் தேய்க்கலாம் போலிருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பென்சில்கூடச் சிரித்தாள். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவையும் கடுகையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் முகத்தை மூட அவருக்குத் தெரியவில்லை. எஞ்சின் திறந்து கிடக்க, எந்தப் பாகம் போயிற்று என்று தெரியாமல் நிற்பவரின் முகம் அது.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க சார். உங்க அம்மா பாத்தா சந்தோஷப்படுவாங்க" என்றாள் அம்மா.

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். பென்சில் பக்கத்தில் நிற்கிறாள், அவள் அம்மா நிற்கிறார், அதனால் என்ன?  

"நன்றிங்க" என்றான்.

அம்மா தலையசைத்தாள். கையிலிருந்த கொடியைப் பார்த்தாள். தண்டவாளத்தில், தான் விழுந்த இடத்துக்கு நேராக அதைக் கொண்டுபோனாள். அந்தப் பக்கம் சலவைக்கூடம் இருந்தது, இந்தப் பக்கம் தோப்பு. கொடி சற்று நேரம் தயங்கியது. பிறகு குண்டூசியைத் தன் கைப்பையின் வாரில் குத்திக்கொண்டாள்.

"வாங்க போகலாம். நேரமாகுது" என்றாள் தன் ஆட்களிடம்.

"கொடி குத்தலையா?" என்றார் டயர் மாமா.

"காட்டுல எதுக்குப்பா பாலம்?"

போய்விட்டார்கள். வந்த வழியே, ஒருவர் பின் ஒருவராக, கொடிகளைக் கையில் பிடித்தபடி. ஊர்வலம் மாதிரியும் இருந்தது. வேறு ஏதோ மாதிரியும் இருந்தது.

"பாவம், நல்ல மாதிரி அம்மா" என்றாள் பென்சில்.

கடுகு குச்சியைக் கீழே வைத்தான்.

 தலைமையாசிரியை யாரோ பழைய மாணவரைப் பார்த்துப் பேசப் போயிருந்தார். கடுகு மாதிரியின் மேல் குனிந்து முதல் மரத்தைப் பிடுங்கினான். அடுத்தது. அதற்கடுத்தது. பசை காய்ந்திருந்ததால் அட்டையும் சேர்ந்து பிய்ந்து வந்தது. கூட்டத்தில் யாரோ, "என்னங்க பண்றீங்க?" என்றார்கள். அவன் நிமிரவில்லை.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று பென்சில் அவன் கையைப் பிடித்தாள். "மேடம் பாக்குறாங்க."

மேடம் பார்க்கவில்லை, வந்தே விட்டார்.

"இங்க மரம் இல்ல மேடம்" என்றான் கடுகு. "இங்க ஒரு சந்து இருக்கு. ஜனங்க இருக்காங்க. நான்தான் மறைச்சேன்."

"மறைச்சீங்களா? விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

"விட்டுப்போகல மேடம். செஞ்சு, எடுத்துட்டேன்."

மேடம் தண்டவாளத்தையும், குளத்துப் பக்கம் நிற்கும் கொடிக் கூட்டத்தையும், அவன் கை நிறைய இருந்த பச்சை ஸ்பாஞ்சையும் பார்த்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார். "காலைல இருந்து வந்தவங்க எல்லாம் உங்க மரத்தை நம்பித்தான் கொடி குத்தியிருக்காங்க. இத்தனை கொடியையும் இப்ப நான் எங்கய்யா கொண்டுபோய் வைக்கிறது?"

கடுகு அந்தக் கொடிகளைப் பார்த்தான்.

"நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சந்தை இருந்த இடத்துல வைங்க." கூட்டத்தின் பக்கம் திரும்பி, "சின்னப் பழுது, ஒண்ணுமில்ல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கடுகு தன் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தான். அடியில் ஒரு மிட்டாய்த் தகர டப்பா. தூக்கி எறிய மனம் வராமல் அதில் போட்டு வைத்திருந்தான். மூடியைத் திறந்தால் பள்ளம் மொத்தமும், ஒன்றன்மேல் ஒன்றாக, கவிழ்ந்து கிடந்தது.

வாசலில் பென்சில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து, டப்பாவில் விரலை விட்டு, மேலே கிடந்த ஒன்றை எடுத்தாள். தகரக் கூரை. கூரைமேல் பொட்டு மாதிரி ஒரு டயர். கதவு நீலம்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா யாரு?"

"எங்கம்மா."

"உங்களை சார்னு கூப்பிட்டாங்க."

"ஆமா."

"நீங்க நன்றின்னீங்க."

 அவள் கொண்டையிலிருந்த பென்சிலை உருவி, மறுபடி செருகி, மறுபடி உருவினாள்.

"பழைய வரைபடம்னு நீங்க சொன்னதால நான் அந்தச் சந்தை அழிச்சேன். தெரியுமா? சுவத்துல தொங்குதே, அது என் வேலை. கீழ என் கையெழுத்து இருக்கு. என் கையாலயே உங்கம்மா வீட்டை அழிக்க வச்சிருக்கீங்க."

இது அவனுக்குத் தோன்றவே இல்லை. தன் பொய் தன்னோடு நின்றுவிட்டது என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

"என்னை ஒரு வார்த்தை திட்டிடுங்க" என்றான்.

"அது உங்களுக்குச் சுலபமா போயிடும்." அவள் அந்தக் குட்டி வீட்டை டப்பாவில் வைக்காமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "வழி காட்டுங்க."

"எங்க?"

"எங்கயா? குளக்கரைக்கு இல்ல."

ரோட்டு வழியாகக் கூட்டிப்போகத்தான் நினைத்தான். "அவங்க எந்த வழியா போவாங்களோ அந்த வழியா" என்றாள் அவள். சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி நடந்து, சரளைக் கல் சரிவில் ஏறினார்கள். முந்தின நாள் மழையில் மேடு வழுக்கியது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பாதி வழியில் தண்டவாளம் முனகத் தொடங்கியது. "நில்லுங்க" என்று அவள் முன்னால் கையை நீட்டினான். ரயில் வளைவிலிருந்து வந்தபோது காற்று இருவரையும் பின்னால் தள்ளியது. பெட்டி பெட்டியாக, வேலை முடிந்து திரும்பும் முகங்கள். அவர்களில் யாரும் கீழே பார்க்கவில்லை.

ரயில் போன பிறகு அவள் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தாள்.

"தினமுமா?" என்றாள்.

"போகும்போது ஒரு தடவை. வரும்போது ஒரு தடவை."

 அந்தப் பக்கச் சரிவில் இறங்கினார்கள். பள்ளத்தில் கணுக்கால் வரை கலங்கல் தண்ணீர் நின்றது. செங்கல் செங்கலாகப் போட்டு வைத்திருந்த வழியில் அவன் முன்னால் போனான். அவள் இரண்டாம் செங்கலிலேயே கால் தவறித் தண்ணீரில் இறங்கிவிட்டாள். டயர் மாமா கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். கடுகைப் பார்த்ததும் வழக்கமாக ஏதாவது ஒரு கிண்டல் வரும். இன்று அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலக் கதவு சாத்தியிருந்தது. தன் வீட்டுக் கதவை அவன் தட்டி எவ்வளவு காலமாயிற்று! தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவன், இன்று தட்டினான்.

அம்மா திறந்தாள். நல்ல உடுப்பு மாறியிருந்தது. ஆணியில் தொங்கிய கைப்பையின் வாரில் சிவப்புக் கொடி அப்படியே இருந்தது. உள்ளே அப்பா திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

அம்மாவின் பார்வை அவன் முகத்துக்கு வந்தது. அங்கிருந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் போனது. சட்டென்று அவள் முகம் மாறியது. மண்டபத்தில் போட்டிருந்த அதே முகம்.

"யாருங்க வேணும்?" என்றாள் அவனிடம்.

கோபத்தில் கேட்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தான். இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, அவன் பொய்யை அவள் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கனத்த மூட்டையைத் தூக்கியவள், இறக்கி வைக்கச் சொல்லி யாராவது வரும்வரை அப்படியே நிற்பது போல.

"அம்மா" என்றான். "நான்தாம்மா. இவங்களுக்குத் தெரியும். எல்லாம் சொல்லிட்டேன்."

அம்மா அசையவில்லை. அப்பாவின் முதுகும் அசையவில்லை.

"மரத்தையெல்லாம் பிடுங்கிட்டேன்மா. நாளைக்கும் கொடி குத்தலாம். எல்லாரையும் கூட்டிட்டு வாம்மா. நம்ம வீட்டை அங்க வச்சிடறேன், நீ வந்து உன் கையால..."



பென்சில் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் இருந்த நீலக் கதவை அம்மா பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கூரைமேல் இருந்த டயரைச் சுண்டுவிரலால் தொட்டாள். உதட்டோரம் ஏதோ வந்தது போலிருந்தது. வந்ததா, இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

பிறகு பார்வையைத் தாழ்த்தி அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தாள்.

"ஐயோ, கால் பூரா சேறாயிருக்கே. நீ உள்ள வாம்மா, தண்ணி ஊத்தறேன்" என்று அவள் கையைப் பிடித்து வாசல்படி ஏற்றினாள்.

கடுகு படிக்குக் கீழேயே நின்றான். கூப்பிடாமல் ஏற அவனுக்குக் கால் வரவில்லை.

அம்மா திரும்பினாள். கதவை முழுசாகத் திறந்து, வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.

"நீங்களும் வாங்க" என்றாள்.